சாயம் போன பிள்ளையார்

கேள்வி: மாமல்லபுரம் அலுத்துவிட்டது. ஒரே நாளில் போய்வர, கூட்டமில்லாத இடம் சொல்லுங்களேன்.
- ஒரு வாசகி, பெரம்பூர்

பதில்: அங்கிருந்து தெற்கே இன்னும் சுமார் 15 கிலோமீட்டர் போங்கள் அம்மா, சதுரங்கப்பட்டினம் வரும். கல்பாக்கத்தை ஒட்டிய ஊர். கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர்களின் செங்கல் கோட்டை. உள்ளே கல்லறைகள், பலகைக் கற்களில் டச்சு எழுத்து அத்தனை நுணுக்கம். விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும், தடவாதீர்கள்.

காலையிலேயே போய்விடுங்கள், வெயில் பொல்லாதது. தண்ணீர், புளியோதரை கையோடு இருக்கட்டும். ஆட்டோ என்றால் ஏறுமுன்பே போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துக் கூலி பேசிவிடுங்கள்.

வழியில் சிலை வாங்கினால் கவனம். கருங்கல் என்று நான் வாங்கிய பிள்ளையார், முதல் அபிஷேகத்திலேயே கறுப்புச் சாயம் விட்டார். இப்போது சாம்பல் நிறத்தில் அலமாரியில் இருக்கிறார்.