லீவுல மலையேறலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

அக்கா, பையனுக்கு 11 வயசு, பொண்ணுக்கு 7. இந்த மே லீவுல மால், பீச்னு இல்லாம ஒரு மலைப்பாதைல நடக்க வைக்கணும்னு ஆசை. எங்க வீட்ல யாருமே இதுக்கு முன்னாடி ட்ரெக்கிங் போனதில்ல. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?
- தாம்பரம் வாசகி

எந்த மலைன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி எத்தன மணிக்குன்னு முடிவு பண்ணிடுங்கம்மா. மே மாசத்துல காலைல 6 மணிக்கு கால் பாதைல இருக்கணும், 10 மணிக்கெல்லாம் திரும்பி வந்து நிழல்ல உக்காந்திருக்கணும், பாதி தூரம்தான் போயிருந்தாலும் சரி. இது நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டது. என் பொண்ணுக்கு 8 வயசு இருக்கும்போது ஏலகிரில சுவாமிமலை ஏறப் போனோம், காலை டிபன் முடிச்சு நிதானமா கிளம்பினதுல 9 மணி ஆயிடுச்சு. முக்கால் மணி நேரத்துல அவ மூஞ்சி செவந்துபோய் பேச்சே நின்னுடுச்சு, எப்பவும் வாய் ஓயாத புள்ள. அங்கேயே ஒரு மரத்தடில உக்கார வெச்சு, கழுத்துலயும் அக்குள்லயும் ஈரத்துணி போட்டு, அரை மணி நேரம் கழிச்சு கீழ இறங்கிட்டோம். குழந்தைங்க உடம்பு நம்மள விட சீக்கிரம் சூடாகும், அவங்களுக்கு வேர்வையும் நம்ம அளவுக்கு வராது. அதுங்க தாகம்னு சொல்லவும் சொல்லாது, விளையாட்டு மும்முரத்துல மறந்துடும். அதனால கேக்கட்டும்னு காத்திருக்காம 15 நிமிஷத்துக்கு ஒரு தடவ நீங்களா நாலு வாய் தண்ணி குடுங்க.

இப்ப இடம். உயரம் 1000 மீட்டர் கூடினா வெயில் சுமாரா 6 டிகிரி குறையும், இத மனசுல வெச்சு இடம் தேடுங்க. ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர், சேலத்துல 39 டிகிரின்னா மேல 30 பக்கத்துல இருக்கும். ஏலகிரி 1100தான், அதுவும் ஏறும்போது நிழல் கம்மி. நிறைய பேர் செஞ்சிக்கோட்டை போலாமான்னு கேக்கறீங்க, அங்க இருக்கற ராஜகிரி மலை அருமையான ஏத்தம்தான், ஆனா மே மாசம் அந்தப் பாறை தோசைக்கல்லு மாதிரி காயும், அத டிசம்பருக்கு வெச்சுக்கோங்க.

என்னைக் கேட்டா முதல் நடைக்கு கோத்தகிரி பக்கத்துல இருக்கற லாங்வுட் சோலைய சொல்லுவேன். 116 ஹெக்டேர்தான், சின்னக் காடு, ஆனா உண்மையான சோலைக்காடு, 2024ல ஈரநிலங்களுக்குக் குடுக்கற சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கூட கிடைச்சுது. உள்ள போனதும் வெளிச்சம் குறைஞ்சு, மரத்துல பாசியும் காலடில ஈர இலையுமா வேற உலகம். யாரோ பையன் விசிலடிச்சுட்டுப் போற மாதிரி ஒரு சத்தம் கேக்கும், அது சீகாரப் பூங்குருவி, பசங்ககிட்ட முன்கூட்டியே சொல்லாதீங்க, அதுங்களே யாரு விசிலடிக்கறாங்கன்னு தேடட்டும். காட்டெருமை நடமாட்டம் உண்டு, அதனால வனத்துறை ஆள் இல்லாம உள்ள போகாதீங்க. ஊட்டில கெய்ர்ன் ஹில்லும் இதே மாதிரி லேசான பாதைதான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ் கட்டாயம், அத எடுக்காம கிளம்பி செக்போஸ்ட்ல நிக்காதீங்க.

ஷூ புதுசா வாங்கி அன்னிக்கே போட வேண்டாம், ரெண்டு வாரம் முன்னாடியே போட்டு தெருவுல நடக்க விடுங்க. சாப்பாட்டுக்கு வெள்ளரிக்காய், கடலை மிட்டாய், புளியோதரை போதும். பாட்டில்ல உப்பு போட்ட மோர், இல்லன்னா ஒரு லிட்டர் கொதிக்க வெச்சு ஆறின தண்ணில தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூட அதிகமாகக் கூடாது.

குரங்கணி தீக்கு அப்புறம் ட்ரெக்கிங்னாலே என் மாமியார் விட மாட்டேங்கறாங்க. அவங்க பயம் நியாயம்தானே?
- திருப்பூர் வாசகி

நியாயம்தான், அவங்கள சமாதானப்படுத்தறேன்னு அத லேசா எடுத்துக்காதீங்க. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி, கொழுக்குமலைலேர்ந்து இறங்கி வந்தவங்கள காட்டுத்தீ சூழ்ந்துகிச்சு, மொத்தம் 23 பேர் இறந்துட்டாங்க, பலர் உங்க வயசு, என் வயசுதான், சில பேர் உங்க ஊர் பக்கமும் கூட. இன்னமும் மார்ச் வந்தா எனக்கு அது ஞாபகம் வந்துடும். தீ சரிவுல மேல் நோக்கிதான் வேகமா ஓடும், ஏன்னா கீழ எரியற அனல் மேல இருக்கற புல்லயும் காய வெச்சுடுது. மனுஷன் மூச்சு வாங்கி ஏறற வேகத்துல அதை ஜெயிக்கவே முடியாது. அதனால பிப்ரவரி, மார்ச்ல காஞ்ச புல்மேடு பக்கம் குடும்பத்தோட போகவே போகாதீங்க, யார் கூப்பிட்டாலும்.

அதே வருஷம் அரசு ட்ரெக்கிங்குக்குன்னு தனி விதிமுறைகள் கொண்டு வந்துச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதைகள வனத்துறை திறந்து, பதிவ ஆன்லைன்ல வெச்சிருக்காங்க. அந்தந்த ஊர் இளைஞர்கள், நிறைய பேர் பழங்குடி மக்கள், அவங்கதான் பயிற்சி எடுத்து கூட வர்றாங்க, இதுதான் எனக்கு அதுல ரொம்ப பிடிச்சது. 2025ல பிப்ரவரி நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீ பயத்தால மூடியும் வெச்சாங்க. மூடியிருக்குன்னு சொன்னா திட்டாதீங்க, அதுக்கு காரணம் அந்த 23 பேர். மாமியார்கிட்ட பதிவு ரசீதையும் கூட வர்ற வழிகாட்டி நம்பரையும் குடுத்துட்டுப் போங்க, முடிஞ்சா ஒரு லேசான பாதைக்கு அவங்களையே கூட்டிட்டுப் போங்க.

எனக்கு 64 வயசு. பேரனுக்கு 9. சித்திரைல ரெண்டு பேரும் வெள்ளியங்கிரி ஏறலாம்னு இருக்கோம். நான் இளவயசுல நாலு தடவ ஏறினவன்.
- ஈரோடு வாசகர்

ஐயா, உங்க ஆசை புரியுது, ஆனா இந்த வருஷம் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஏழு மலை, மேல போகப் போக படி இல்லாத பாறையும் சரிவும், ராத்திரி குளிரும் காத்தும், இதெல்லாம் உங்களுக்கே நல்லாத் தெரியும். மூச்சுத்திணறியும் நெஞ்சுவலி வந்தும் வழிலயே இறந்தவங்க செய்தி சமீபமா சீசனுக்கு சீசன் வருது. நடுவழில உங்களுக்கு ஏதாவதுன்னா அந்த 9 வயசுப் பையன் என்ன பண்ணுவான்? முதல்ல டாக்டர்கிட்ட இதயத்தையும் பி.பி.யையும் பாருங்க. அப்புறம் பேரனோட திருவண்ணாமலை கிரிவலம் நடங்க, 14 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், ராத்திரி வெயிலும் இல்ல, முடியலன்னா எங்க வேணா ஆட்டோ புடிச்சுடலாம். அத ரெண்டு பேரும் வலி இல்லாம முடிச்சா அடுத்த படிய யோசிக்கலாம்.

பாம்பு வந்தா?
- கரூர் வாசகி

கால அதிர வெச்சு நடந்தா பெரும்பாலும் அதுவே விலகிடும். பாறை இடுக்குல கை விடக்கூடாதுன்னு பசங்களுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. கடிச்சுட்டா கட்டு போடாதீங்க, கீறாதீங்க, உறிஞ்சாதீங்க, கடிபட்ட காலையோ கையையோ ஆட்டாம, ஆளைத் தூக்கிட்டு வந்து 108க்கு போன் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு போங்க, விஷமுறிவு மருந்து அங்கதான் கண்டிப்பா இருக்கும்.

எங்க அபார்ட்மென்ட்ல 15 குடும்பம், ஸ்கூல் திறக்கறதுக்குள்ள எல்லாருமா ஒரு காலை நடை ஏற்பாடு பண்ணலாம்னு பேசிட்டிருக்கோம். பசங்களே 22 பேர். எங்க போறது, எப்படி சமாளிக்கறது?
- மதுரை வாசகர்

உங்க ஊர் பக்கத்துலயே அரிட்டாபட்டி இருக்கு சார், வேற எங்கயும் போக வேண்டாம்! 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம். ஏழு குன்று, சமணர் படுக்கை, தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரை கோயில், மேல வட்டமடிக்கற ராஜாளி, எல்லாம் ஒரே காலைல. டங்ஸ்டன் சுரங்க ஏலத்துல இந்தப் பகுதியும் வந்தப்ப ஊர் மக்கள் எதிர்த்து நின்னு 2025 ஜனவரில மத்திய அரசே அத ரத்து பண்ணுச்சு, இத பசங்களுக்கு அந்தக் குன்று மேலயே உக்கார வெச்சு சொல்லுங்க, ஊர்ப் பெரியவர் யாராவது சொன்னா இன்னும் நல்லது. மதுரைல பசுமை நடைக் குழு பல வருஷமா இப்படி ஞாயித்துக்கிழமை காலைல மக்கள கூட்டிட்டுப் போய் வரலாறு சொல்றாங்க, ஒரு தடவ அவங்களோட போய்ப் பாத்துட்டு வந்தீங்கன்னா கூட்டத்த எப்படி நடத்தறதுன்னு பாதி புரிஞ்சிடும்.

22 பசங்கள ஒரே கும்பலா விடாதீங்க, ஏழெட்டு பேரா மூணு குழு. ஒவ்வொண்ணுலயும் முன்னாடி ஒரு பெரியவர், கடைசில ஒரு பெரியவர், முன்னாடி போறவர யாரும் தாண்டக்கூடாது, கடைசி ஆளுக்குப் பின்னாடி யாரும் நிக்கக்கூடாது. குழுவோட வேகம் அதுல இருக்கற சின்னக் குழந்தையோட வேகம்தான். ஒவ்வொரு பையன் கழுத்துலயும் ஒரு விசில், வழி தவறினா அங்கேயே நின்னு மூணு தடவ ஊதணும், தேடிப் போகக்கூடாது. கிளம்பும்போதும் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் தலை எண்ணுங்க.

யார் முதல்ல ஏறறாங்கன்னு போட்டி மட்டும் வெச்சுடாதீங்க, மெதுவா நடக்கற குழந்தைக்கு மலையே வெறுத்துடும். அதுக்குப் பதிலா அஞ்சு நிமிஷம் கண்ண மூடி உக்காந்து எத்தன விதமான சத்தம் கேட்டுச்சுன்னு விரல் விட்டு எண்ணச் சொல்லுங்க. போன தடவ எங்க குழுவுல 6 வயசுப் பொண்ணு ஒருத்தி பதினொண்ணு சொன்னா, எனக்கு கேட்டது ஏழுதான்.