பூச்சி வாத்தியார் பதில்கள்

கேள்வி: முகம் கழுவும் இடத்துக் கண்ணாடிக்குப் பின்னால் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. நாத்தனார் மாசமாக இருப்பதால் கலைக்கக் கூடாது என்கிறார் மாமியார். கொட்டிவிடும், உடைத்துப் போடு என்கிறார் கணவர். நான் யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மாமியார் பேச்சைக் கேளுங்கள் அம்மா. காரணம் மட்டும் வேறு. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு நான் ஜவாப்தாரி அல்ல. ஆனால் அந்தக் கூட்டுக்குள் ஒரு பிள்ளை வளர்வது நிஜம்.

கட்டியவள் தனியாள். கதண்டு மாதிரி கூட்டைக் காக்கப் படை திரட்டி வருகிற இனம் இல்லை. கையில் பிடித்து நசுக்கினாலொழிய நம்மைக் கொட்டுவது அபூர்வம். அவள் கொடுக்குக்கு வேறு வேலை இருக்கிறது. குழாயடி ஈரமண்ணை உருண்டை பிடித்து, வாயில் கவ்வி வந்து, ரீங்காரம் போட்டபடியே பூசுவாள். ஓர் அறை முடிந்ததும் சிலந்தி வேட்டைக்குக் கிளம்புவாள். அவள் கொட்டினால் சிலந்தி சாகாது. கைகால் விழுந்துவிடும், அவ்வளவுதான். செத்தால் அழுகிவிடுமே! ஃப்ரிட்ஜ் இல்லாமல் கறியைக் கெடாமல் வைக்கிற வித்தை இது. இப்படிப் பல சிலந்திகளை அடைத்து, ஒரே ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். முட்டையிலிருந்து வரும் புழு அத்தனையையும் தின்று, கூட்டுப்புழுவாகி, பிறகு குளவியாகிச் சுவரைக் கடித்து வெளியேறும். வளர்த்த தாயை அது பார்ப்பதே இல்லை.

சிலந்திக்குப் பதில் பச்சைப் புழுவைத் தூக்கி வரும் குளவிகளும் உண்டு. 'கொட்டிக் கொட்டிப் புழுவைக் குளவியாக்கும்' என்று பெரியவர்கள் சொன்னது அதைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். உள்ளே புழு போனது தெரிந்தது, குளவி வந்தது தெரிந்தது. நடுவில் இருந்த முட்டைதான் கண்ணில் படவில்லை. நல்ல கண்காணிப்பு என்றுதான் நான் சொல்வேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் குடி காலியாகிவிட்டது; சுரண்டிப் போடலாம். மூடியே இருந்தால் சில வாரம் பொறுங்கள். பிளக் பாயிண்ட் துளைக்குள் கட்டியிருந்தால் மட்டும் நான் உங்கள் கணவர் கட்சி. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் விமான நிலையத்தில், விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் குழாய்களுக்குள் ஒருவகைக் குளவி கூடு கட்டி விமானிகளையே திண்டாட வைத்திருக்கிறது. நிற்கிற விமானத்தில் அந்தக் குழாய்களுக்கு மூடி மாட்டிவைக்க வேண்டியதாகிவிட்டது.

கேள்வி: ஆச்சி வீட்டுத் திண்ணையோர மணலில் குட்டிக் குட்டிக் குழியாக இருக்கிறது. கிளறினால் ஒரு பூச்சி பின்னாலேயே நகர்கிறது. அது வளர்ந்தால் என்ன ஆகும்?
– ஏழாம் வகுப்பு மாணவர், காரைக்குடி

பதில்: பேஷ் தம்பி! பெரியவர்கள் எனக்கு எழுதினால் 'எப்படி ஒழிப்பது?' என்றுதான் கேட்பார்கள். நீ பார்த்தது குழியானை. சில ஊர்களில் குழிநரி. பின்பக்கமாகவே சுற்றிச் சுற்றிப் போய், மணலை வாரியெறிந்து புனல் மாதிரி குழி பறிக்கும். ஓரத்தில் எறும்பு கால் வைத்தாலே மணல் சரியும். ஏறித் தப்பப் பார்த்தால், அடியில் இருப்பவர் தலையால் மணலை வீசியடிப்பார். பிடிபட்ட எறும்பின் சாறை உறிஞ்சிவிட்டுச் சக்கையைக் குழிக்கு வெளியே எறிந்துவிடுவார். இன்னொன்று சொல்கிறேன், வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்: புழுவாக இருக்கும் காலம் முழுக்க அது வெளிக்கே போகாது! குடலின் வழி அடைபட்டிருக்கும். சேர்ந்த கழிவெல்லாம் இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேறும்.

வளர்ந்ததும், மணலுக்குள்ளேயே நூலும் மணலுமாக உருண்டைக்கூடு கட்டிக்கொண்டு, அதிலிருந்து தட்டான் ஜாடையில் வெளியே வரும். ஏமாந்துவிடாதே. தட்டானின் உணர்கொம்பு மயிரிழை போல் குட்டையாக இருக்கும். இதற்கு நீளமாக, நுனி தடித்திருக்கும். பறப்பதும் பெரும்பாலும் இரவில்தான். புழுப் பருவம் ஒரு வருடம் இருக்கலாம், இரை சரியாகக் கிடைக்காவிட்டால் அதற்கு மேலும் இழுக்கும். இறக்கையோடு இருப்பதோ சில வாரம். நாம் 'பூச்சி' என்று பார்ப்பது பல இனங்களுக்குக் கடைசிக் காலம், தம்பி. தட்டானும் அப்படியே. அதன் இளம்பருவமெல்லாம் குளத்துத் தண்ணீருக்குள், கொசுப்புழுவைத் தின்றபடி கழிகிறது.

கேள்வி: ஈசலுக்கு ஒருநாள்தானே ஆயுள்?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: பறப்பதுதான் ஒருநாள். புற்றுக்குள் வளர்ந்து, மழைக்குக் காத்திருந்து வெளியே வருகிறவை அவை. காக்கை, பல்லி, தவளை, அப்புறம் அரிசியோடு சேர்த்து வறுத்துத் தின்கிற நாம் என்று எல்லாரிடமும் தப்புகிற ஜோடிகள் கொஞ்சம்தான். அவை இறக்கையை உதிர்த்துவிட்டு மண்ணுக்குள் போகும். அந்தப் பெண்தான் புதுப் புற்றின் ராணி. பத்தாண்டுக்கு மேலும் இருந்து முட்டையிடக் கூடியவள். ராஜாவும் கூடவே குடித்தனம் நடத்துவார். ஆகவே, நீங்கள் காலையில் கூட்டித் தள்ளும் இறக்கைகளில் சிலவற்றுக்குச் சொந்தக்காரர்கள் சாகவில்லை.

கேள்வி: பேரனுக்குப் பூச்சிகளைக் காட்ட எங்கே அழைத்துப் போகலாம்?
– வாசகர், சேலம்

பதில்: கோவைக்குப் போங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை 2018-இல் திறந்தார்கள். அதுவரை பொறுக்காவிட்டால், மழைவிட்ட ஒரு ராத்திரி வாசல் விளக்கைப் போட்டு, பக்கத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கட்டுங்கள். வருகிறவர்கள் அதில் உட்காருவார்கள், நிதானமாகப் பார்க்கலாம். பல்லியை விரட்டும் வேலையைப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள்.