சிறைக்குள் பேச விட்டால் என்ன மாறும்?

கைதிகளிடம் மனம்விட்டுப் பேசினால் சிறை மாறுமா, நம்ம பக்கம் அதெல்லாம் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கும், ஆனால் பேசுகிறவனுக்குப் பாதுகாப்பு வேண்டும்.

நம்ம பாலக்காட்டில் பிறந்த நீதிபதி கிருஷ்ணய்யர் 1957-ல் கேரளத்தில் அமைச்சராகச் சிறைத்துறையையும் பார்த்தவர். அவர் உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோது சுனில் பத்ரா என்ற கைதி, ஒரு வார்டர் (சிறைக்காவலர்) இன்னொரு கைதியைச் சித்திரவதை செய்ததைக் கடிதமாக எழுத, அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1979 தீர்ப்பில் சிறைகளில் குறைதீர்ப்புப் பெட்டி வைக்கவும் நீதிபதிகள் நேரில் போய் விசாரிக்கவும் உத்தரவு வந்தது. அந்தப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வார்டரே திறப்பார் என்றால் யார் எழுதுவார்கள்?

அப்புறம் மறுவாழ்வு. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி, கேரளத்தில் நெய்யாறு அணைப் பக்கம், மதிலுக்குள் அடைத்துவைக்காத நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறை 1962-லிருந்து இருக்கிறது. நன்னடத்தை பார்த்து அனுப்பப்படும் கைதிகள் அங்கே ரப்பர் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்கிறார்கள். திருவனந்தபுரம் பூஜப்புரா சிறையில் கைதிகள் செய்து விற்கும் சப்பாத்தியை உங்களில் சிலரே வாங்கியிருப்பீர்கள். உள்ளே இருந்துகொண்டு வீட்டுக்குப் பணம் அனுப்ப முடிகிறவனைப் பிள்ளைகள் அப்பாவாகவே பார்க்கும், அவனுக்கும் திரும்பிப் போக ஒரு வாசல் இருக்கும்.

சரி, வார்டர்கள்? நெரிசலான சிறையில் ராத்திரி டியூட்டி பார்த்து நொந்துபோனவரிடம் கனிவை மட்டும் எதிர்பார்க்க முடியாது. அவர்களும் மேலதிகாரி முன்னால் பயமில்லாமல் பேச இடம் வேண்டும், அதைத்தான் யாரும் கேட்பதில்லை.