விக்டோரியா கால இங்கிலாந்தில் வீட்டு வேலைப் பெண்கள்: கேள்வி பதில்

செல்வி: அக்கா, அந்தக் காலம் என்றாலே மாளிகை, பட்லர், வரிசையாக நிற்கும் பணிப்பெண்கள்தான் ஞாபகம் வருது. எல்லா வீட்டிலும் அப்படியா?

இல்லவே இல்லை. பட்லர் வைக்க வசதியுள்ள வீடுகள் கொஞ்சம்தான். கடைக்காரர், குமாஸ்தா வீடுகளில் சின்னப் பெண் ஒருத்தி மட்டும் இருப்பாள், சமையல், துடைப்பது, பிள்ளை தூக்குவது எல்லாம் அவள் தலையில். 1891 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸில் வீட்டு வேலை பார்த்த பெண்கள் 13 லட்சத்துக்கும் மேல்.

பிரபு: காலையிலிருந்து அப்படி என்ன வேலை?

முதலில் கணப்பு. ஒவ்வொரு அறையிலும் சாம்பலை அள்ளி, இரும்புக் கம்பிகளில் கிராஃபைட் தடவிக் கறுப்பு மின்னும்வரை தேய்த்து, கீழேயிருந்து கரி சுமந்து வந்து மூட்ட வேண்டும். குளிக்க வெந்நீரை மாடிக்குத் தூக்க வேண்டும், அழுக்குத் தண்ணீரைத் திரும்ப இறக்க வேண்டும். அப்புறம் பூட்ஸ், கத்தி. கறைபடாத எஃகு இன்னும் வராத காலம், கத்தியைப் பொடி போட்டுத் தேய்க்காவிட்டால் துருப்பிடிக்கும். எட்டு வயதில் வேலைக்குப் போன ஹன்னா கல்விக் என்ற பெண் இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார், படிக்கும்போதே முதுகு வலிக்கும்.

கோவை வாசகி: சம்பளம்?

1861இல் வந்த மிசஸ் பீட்டனின் இல்லக் கையேட்டில், ஒற்றை ஆளாக எல்லாம் செய்யும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 9 முதல் 14 பவுண்டு, பட்லருக்கு 25 முதல் 50. சாப்பாடு, தங்குமிடம் உண்டு. ஆனால் டீ, சர்க்கரை, பீர் வீட்டுக்காரர் கொடுத்தால் அவள் சம்பளம் ஏழரைப் பவுண்டிலிருந்தே தொடங்கும்.

ரமேஷ்: கொடுமை தாங்கலைன்னா வேற வீடு பார்த்துக்கலாமே?

பழைய எஜமானியின் நற்சான்று இல்லாமல் நல்ல வீட்டில் சேர்க்க மாட்டார்கள். பொய்ச் சான்று கொடுத்தால் 20 பவுண்டு அபராதம் என்று 1792இல் சட்டம் போட்டார்கள், ஆனால் சான்று கொடுத்தே ஆகவேண்டும் என்று எஜமானரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. கோபத்தில் ஒருத்தி எழுதித் தர மறுத்தால் அந்தப் பெண்ணின் பிழைப்பே போச்சு. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இதுதான்.

மீனா: நம்ம ஊர் ஆயாக்களும் லண்டன் போனார்களாமே?

ஆமாம். சென்னை, கல்கத்தா, பம்பாயிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்களின் பிள்ளைகளைக் கப்பலில் பார்த்துக்கொண்டு போனார்கள். கரை சேர்ந்ததும், திரும்பிவரக் காசு கூடக் கொடுக்காமல் சிலரைக் கைவிட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்க லண்டனில் ஆயாக்கள் இல்லம் இருந்தது, 1900இல் அதே நகரின் ஹாக்னி பகுதிக்கு மாறியது. 2022இல் அந்தக் கட்டடத்தில், வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்கு வைக்கும் நீலப் பலகையை வைத்தார்கள்.

அருண்: வாஷிங் மெஷின் வந்துதானே இதெல்லாம் ஒழிந்தது?

நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் உலகப் போரில் பெண்கள் வெடிமருந்து ஆலைக்கும் அலுவலகத்துக்கும் போய், வேலை நேரம் முடிந்தால் நம் நேரம் நமக்கு என்பதைப் பார்த்துவிட்டார்கள், மெஷின் பரவலாக வந்தது அதற்கு ரொம்பப் பின்னால். போர் முடிந்ததும் வேலையில்லாதோர் உதவித்தொகை வாங்கிய பெண்களில், வீட்டு வேலைக்குப் போக மாட்டேன் என்றவர்களுக்கு அந்தத் தொகையையே நிறுத்தினார்கள். அப்படியும் பலர் போகவில்லை.