உயர்நிலைப் பள்ளியை மகளே தேர்ந்தெடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிக்கு மாறுகிறாள். மூன்று பள்ளிகளை விருப்ப வரிசைப்படி எழுதி விண்ணப்பிக்க வேண்டும். ரிசல்ட்டுக்குப் பெயர்போன ஒரு பள்ளியில் சேர்க்க எங்களுக்கு ஆசை. அதற்கு நுழைவுத்தேர்வு உண்டு, போக ஒரு மணி நேரம் ஆகும். அவள் கேட்பது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள பள்ளியை. நெருங்கிய தோழி அங்கே சேர்கிறாளாம், நல்ல நாடகக் குழு இருக்கிறதாம். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், நாம்தான் முடிவு செய்ய வேண்டும்" என்கிறார் என் கணவர். ஒரு வாரமாக அவள் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. யார் முடிவெடுப்பது சரி? பொதுவாகவே இந்த வயதில் பிள்ளைகளுக்கு அந்த உரிமையைக் கொடுக்கலாமா?

பதில்: மகளே தேர்ந்தெடுக்கட்டும். எந்தப் பள்ளிகளுக்குள் தேர்ந்தெடுப்பது என்ற எல்லையை மட்டும் நீங்கள் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூவரில் யாரும் அந்தப் பள்ளிகளுக்குள் போய்ப் பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. நீங்கள் ஊர்ப் பேச்சை நம்புகிறீர்கள், அவள் தோழியின் பேச்சை நம்புகிறாள். வீட்டில் ஒரு வாரமாக நடப்பது கேள்விப்பட்ட இரண்டு விஷயங்களுக்கு நடுவே நடக்கும் சண்டை.

உங்கள் கணவரின் கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது நியாயமான கவலை. 14 வயதுப் பிள்ளைக்கு யோசிக்கத் தெரியுமா? 1982ல் லோயிஸ் வைத்தார்ன், சூசன் கேம்பல் என்ற இரு உளவியலாளர்கள் 9, 14, 18, 21 வயதுக்காரர்களிடம் சில மருத்துவச் சிக்கல்களைச் சொல்லி, எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன் என்று கேட்டார்கள். தகவலைப் புரிந்துகொள்வதிலும் காரணங்களை எடைபோடுவதிலும் 14 வயதுக்காரர்கள் பெரியவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தார்கள். 9 வயதுப் பிள்ளைகள்தான் பின்தங்கினார்கள். நான் பள்ளி மாணவர்களோடு பேசிப் பழகிய அனுபவமும் இதையே சொல்கிறது. விவரத்தை முழுதாகக் கொடுத்து, அவசரப்படுத்தாமல் உட்கார வைத்துப் பேசினால், இந்த வயதுப் பிள்ளைகள் நம்மை வியக்க வைப்பார்கள்.

அப்புறம் இதன் மறுபக்கம். 2005ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டீன்பெர்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்துச் சோதனை செய்தார்கள். தனியாக ஆடியபோது நிதானமாக இருந்த பதின்வயதினர், நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது துணிந்து ஆபத்தான முடிவுகளை எடுத்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் வீட்டுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. தோழிகளின் வாட்ஸ்அப் குழு பரபரக்கும் நேரத்திலும், உங்களோடு சண்டை போட்ட சூட்டிலும் அவள் சொல்லும் விருப்பத்தை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவள் கெட்டிக்காரிதான், அந்த நேரம்தான் சரியில்லை.

இனி உங்கள் பக்கம். பெயர்போன பள்ளிதான் பிள்ளையை உயர்த்தும் என்று நம்புகிறீர்கள். இந்த நம்பிக்கையைப் பொருளாதார ஆய்வாளர்கள் நேராகவே சோதித்திருக்கிறார்கள். பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் நுழைவுத்தேர்வு வைத்து மாணவர்களை எடுக்கும் புகழ்பெற்ற அரசுப் பள்ளிகள் உண்டு. கட்-ஆஃபை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும், மயிரிழையில் தவறவிட்டு வேறு பள்ளிக்குப் போனவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் அப்துல்காதிரோக்லு, ஆங்ரிஸ்ட், பாதக் ஆகிய மூவர். 2014ல் வெளியான அந்த ஆய்வில், இரு தரப்பினரின் பிற்காலத் தேர்வு மதிப்பெண்களில் சொல்லும்படியான வித்தியாசம் பெரும்பாலும் இல்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையே பொறுக்கி எடுக்கும் பள்ளியின் ரிசல்ட் நன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்த ரிசல்ட்டில் பள்ளி சேர்த்தது எவ்வளவு, பிள்ளைகள் வரும்போதே கொண்டுவந்தது எவ்வளவு என்பது வெளியிலிருந்து தெரியாது. நியூயார்க் பெற்றோர்கள் எழுதித் தந்த விருப்ப வரிசைகளை ஆராய்ந்து 2020ல் வந்த இன்னொரு ஆய்வும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. பெற்றோர்கள் ஓடுவது நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சேரும் பள்ளியை நோக்கி. நன்றாகக் கற்றுக்கொடுக்கும் பள்ளி எது என்பது அவர்கள் வரிசையில் தனியாக இடம் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, இது மனசு சம்பந்தப்பட்டது. ஹெர்பர்ட் மார்ஷ் என்ற உளவியலாளர் 1980களிலிருந்து இதைப் பற்றி எழுதிவருகிறார். ஒரே அளவு திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சாதாரணப் பள்ளியிலும் ஒருவர் கெட்டிக்காரர்கள் மட்டும் நிறைந்த பள்ளியிலும் படித்தால், 'எனக்குப் படிப்பு வரும்' என்ற நம்பிக்கை இரண்டாமவரிடம் குறைகிறது. 2003ல் 26 நாடுகளின் மாணவர்களை வைத்துப் பார்த்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. என்னிடம் வந்த ஒரு மாணவி பழைய பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தவள். பெற்றோர் விருப்பப்படி பெயர்போன பள்ளிக்குப் போய் இருபத்தைந்தாவது இடத்தில் நின்றாள். மார்க் அப்படியொன்றும் குறையவில்லை. ஆனால் வகுப்பில் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். "கேட்டால் எனக்குத் தெரியாதது எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்றாள். அந்த வாக்கியத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, எந்தப் பள்ளியானாலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் சார்லட் நகரத்தில் பள்ளி இடங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். விரும்பிக் கேட்ட பள்ளி குலுக்கலில் கிடைத்தவர்களில் அதிகம் பேர் பின்னாளில் கல்லூரிக்குப் போனார்கள். பழைய பள்ளியைவிடப் புதிய பள்ளி எவ்வளவு தரமானதோ, அந்த அளவுக்குப் பலனும் கூடியது. அந்தப் பலன் பெரும்பாலும் பெண் பிள்ளைகளுக்கே கிடைத்தது என்பதையும் 2014ல் வந்த அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. சிகாகோ நகரத்தில் இதே மாதிரியான குலுக்கலை ஆராய்ந்தவர்களுக்கு (2006) வேறு விடை கிடைத்தது. வென்றவர்களின் மதிப்பெண் உயரவில்லை, ஆனால் ஒழுங்கு நடவடிக்கையில் சிக்குவதும் கைதாவதும் குறைவாக இருந்தன. பள்ளி மாறினால் பிள்ளையிடம் ஏதோ ஒன்று மாறத்தான் செய்கிறது, அது எப்போதும் மார்க் ஷீட்டில் தெரிவதில்லை. ஆகவே உங்கள் முன்னால் உள்ள கேள்வி, பக்கத்துப் பள்ளி உண்மையில் எப்படிப்பட்டது என்பதுதான். அது சுமாராவது நல்ல பள்ளி என்றால் பெயர்போன பள்ளியை விடுவதால் பெரிய நஷ்டம் இல்லை. அது மோசமான பள்ளி என்றால் தோழிக்காகவும் நாடகத்துக்காகவும் அங்கே போகக் கூடாது.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று பள்ளிகளுக்கும் ஒரு வேலை நாளில் போங்கள், மகளோடு. பள்ளி தன்னை அலங்கரித்துக் காட்டும் நாளில் போனால் அலங்காரம்தான் தெரியும். இடைவேளையில் நடைபாதையில் நில்லுங்கள். ஆசிரியர் கடந்து போகும்போது பிள்ளைகள் சட்டென்று அடங்குகிறார்களா, பேச்சைத் தொடர்கிறார்களா? பெண்கள் கழிப்பறைக்கு மகளை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். பல பெண் பிள்ளைகள் பள்ளி நேரம் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கும். தலைமை ஆசிரியரிடம் ரிசல்ட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், அவர் தயாராக வைத்திருக்கும் பதில் அதுதான். கடந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் வேலையை விட்டுப் போனார்கள், கணக்கில் பின்தங்கும் பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள், நடுவில் பள்ளியை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். தடுமாறினால் அதுவும் ஒரு பதில். எந்தெந்தப் பாடங்கள் அங்கே இல்லை என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவளுக்கு உயிரியல் பிடிக்கும், பள்ளியில் அந்தப் பிரிவே இல்லை என்றால் 16 வயதில் எடுக்க வேண்டிய முடிவை 14 வயதிலேயே எடுத்ததாக ஆகிவிடும்.

அங்கே படிக்கும் ஒரு மாணவியிடம் மகள் தனியாகப் பத்து நிமிடம் பேசட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

பயணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆண்டுக்கு 200 நாள் பள்ளி என்று வைத்தால் 400 மணி நேரம். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2016 பரிந்துரை. அந்த 400 மணி நேரத்தை அவள் பெரும்பாலும் தூக்கத்திலிருந்துதான் எடுப்பாள். காலையில் அவள் கிளம்ப வேண்டிய நேரத்தில் ஒருநாள் அந்தப் பள்ளி வரை போய், மாலையில் திரும்பிப் பாருங்கள். அதற்குப் பிறகும் உங்கள் கருத்து மாறவில்லை என்றால் அது மதிக்க வேண்டிய கருத்து.

அவள் சொன்ன இரண்டு காரணங்களையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நாடகக் குழு நல்ல காரணம். பள்ளிக்குப் போக ஆசைப்பட ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒன்று வேண்டும், அது அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் குழுவை நடத்துவது யார், எத்தனை ஆண்டாக நடக்கிறது, புதிதாக வருபவர்களைச் சேர்ப்பார்களா என்று மட்டும் அவளையே விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு பயிற்சியாளருக்காகவே பள்ளி மாறிய ஒரு பையனை எனக்குத் தெரியும். ஆறே மாதத்தில் அந்தப் பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். தோழி விஷயத்தில் கவனமாக இருங்கள். "தோழிக்காகவா பள்ளி?" என்று நீங்கள் ஒருமுறை ஏளனமாகக் கேட்டுவிட்டால் அவள் மறுபடி மனம் திறக்க மாட்டாள். புது இடத்தில் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்ற பயம் அவளுக்கு நிஜம். "அவள் வேறு செக்‌ஷனில் போனாலும் உனக்கு இந்தப் பள்ளி பிடிக்குமா?" என்று மட்டும் மெதுவாகக் கேளுங்கள். பதிலை அன்றே கேட்டு வாங்க வேண்டாம்.

உங்கள் எல்லைகளை அவள் பள்ளிகளைப் பார்க்கப் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். உங்களால் கட்ட முடிந்த கட்டணம், பயண நேரத்தின் உச்ச வரம்பு, பாதுகாப்பு, கட்டாயம் இருக்க வேண்டிய பாடங்கள், இவ்வளவு போதும். இதற்குள் வரும் எந்தப் பள்ளியை அவள் கேட்டாலும் சரி என்று கணவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் முடிவைச் சொன்ன பிறகு புதிதாக ஒரு நிபந்தனையைக் கொண்டுவந்தால், தேர்ந்தெடுக்கச் சொன்னதே நாடகம் என்று அவளுக்குப் புரிந்துவிடும். அதைவிட முதலிலேயே "நாங்கள்தான் முடிவு செய்வோம்" என்று சொல்வது நேர்மை. பெற்றோருக்கு அந்த இடம் இல்லாமல் இல்லை. எந்த வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கு என்கிறது 1948ன் மனித உரிமைப் பிரகடனம், 26ஆம் பிரிவு. பிள்ளையின் கருத்தை அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற எடையோடு கேட்க வேண்டும் என்கிறது 1989ன் குழந்தை உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நான் மேலே சொன்ன ஏற்பாட்டுக்குத்தான் வந்து சேர்வோம்.

விருப்ப வரிசை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. இடங்களை எந்த முறையில் ஒதுக்குகிறார்கள் என்று சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள். பாஸ்டனில் 2005 வரை இருந்த முறையில் முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கே இடத்தை முதலில் கொடுத்து முடிப்பார்கள். முதல் பள்ளி தவறிப்போனால் இரண்டாவதும் அதற்குள் நிரம்பியிருக்கும். அங்கே ஆசைப்பட்டதை அப்படியே எழுதுவது ஆபத்து. இன்னொரு முறை, டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962ல் எழுதிய கணக்கிலிருந்து வந்தது. அதில் ஒதுக்கீடு பல சுற்றுகளாக நடக்கும், கடைசிச் சுற்று வரை எந்த இடமும் உறுதியாகாது. முதல் பள்ளி தவறினாலும் இரண்டாவதில் உங்கள் வாய்ப்பு குறையாது, அதனால் மனதில் உள்ள வரிசையை அப்படியே எழுதலாம். நியூயார்க் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 2003ல் இந்த முறைக்கு மாறியது. அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 30,000 மாணவர்கள் தாங்கள் கேட்காத பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். மாறிய ஆண்டில் அது சுமார் 3,000 ஆகக் குறைந்தது. உங்கள் பகுதியில் எது நடக்கிறது என்று தெரியாமல் வரிசையை எழுதிவிடாதீர்கள்.

பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த உரிமை தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தரலாம். ஆனால் விசாரிக்க நேரமும் விவரமும் உள்ள குடும்பங்கள்தான் அதை முதலில் பயன்படுத்திக்கொள்ளும். குடும்பங்களே பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பாதையைச் சிலி நாடு 1981ல் பெரிய அளவில் திறந்தது. வசதியான பிள்ளைகள் ஒரு பக்கம் ஒதுங்கினார்கள், மொத்தக் கல்வித் தரம் அதனால் உயர்ந்ததாகத் தெரியவில்லை. அரசு மானியம் பெறும் பள்ளிகள் மாணவர்களைப் பொறுக்கி எடுப்பதைக் கட்டுப்படுத்த 2015ல் அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். சார்லட் நகரத்தில் வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பள்ளிகளின் தரத்தை எளிய பட்டியலாக அச்சடித்துக் கொடுத்தபோது, அவர்களும் நல்ல பள்ளிகளையே கேட்டார்கள். உங்கள் மகளின் தோழி வீட்டிலும் இதே குழப்பம் இருக்கக்கூடும். நீங்கள் பார்த்துக் குறித்துவைப்பதை அவர்களுக்கும் கொடுங்கள்.

தேர்வு தவறாகப் போனால்? சேர்வதற்கு முன்பே ஒரு தேதி வையுங்கள். முதல் பருவம் முடிந்த வாரத்தில் மூவரும் உட்கார்ந்து பேசுவது என்று. அதுவரை "நீ கேட்ட பள்ளிதானே" என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது, முக்கியமாக மார்க் குறையும் நாளில். நடுவில் பள்ளி மாற முடியுமா, எந்த மாதம் வரை முடியும் என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

நாளையே மூன்று பள்ளி அலுவலகங்களுக்கும் போன் செய்து, வேலை நாளில் பார்க்க எப்போது விடுவார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். போனில் பேசுவது உங்கள் மகளாக இருக்கட்டும்.