நாய்க்கு கோர்ட் ஏறும் ஜோடி: படம் இதுதான்

ஒரு முன்னாள் ஜோடி நாய்க்காகக் கோர்ட் ஏறும் பழைய ஹாலிவுட் படம் எது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது ‘தி ஆஃபுல் ட்ரூத்’, 1937, லியோ மெக்கேரி இயக்கியது. நாய் யாருக்கு என்று கோர்ட்டில் சண்டை வர, ஒளித்து வைத்திருந்த பொம்மையைக் காட்டி, மனைவியாக வரும் ஐரீன் டன் நாயைத் தன் பக்கம் இழுப்பாரே, அந்தக் காட்சி இதில்தான்.

‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ (1940) முழுக்கப் பார்த்தும் நாயைக் காணோம் என்கிறீர்கள். குழம்பியதில் தப்பில்லை. இரண்டிலும் பழைய கணவர் கேரி கிராண்ட், இடையில் வரும் புது மாப்பிள்ளை ரால்ஃப் பெல்லமி. பாவம் மனுஷன், இரண்டு தடவையும் கோட்டை விடுகிறார்.

சந்தேகமிருந்தால் கடைசிக் காட்சிக்கு ஓட்டிப் பாருங்கள். கடிகாரத்திலிருந்து இரண்டு குட்டிப் பொம்மைகள் வெளியே வந்தால் இதேதான்.

ஒன்று மட்டும்: அந்தக் கடைசிக் காட்சி நடக்கும் நாளின் நள்ளிரவில்தான் விவாகரத்து அமலுக்கு வரும். சட்டப்படி பார்த்தால், அதுவரை அவர்கள் ‘முன்னாள்’ ஜோடியே இல்லை.