முகப்பருவும் அன்றாடப் பழக்கங்களும்: கேள்வி பதில்

கேள்வி: தினமும் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு கல்லூரிக்குச் செல்கிறேன். நெற்றியிலும் கன்னத்தின் ஓரத்திலும் மட்டும் பொடிப்பொடியாகப் பருக்கள் வருவது ஏன்?

பதில்: தலையில் வைத்த எண்ணெய் வெயிலிலும் வியர்வையிலும் இளகி நெற்றிக்கு இறங்குவதால், அங்குள்ள மயிர்க்கால் துளைகள் அடைபடுகின்றன. இவ்வகைப் பருவைத் தோல் மருத்துவர்கள் 1970-லேயே தனியாக இனங்கண்டு ‘பொமேட் பரு’ (பொமேட் என்பது தலைமுடிக்குப் பூசும் எண்ணெய்ப் பசை) என்று பெயரிட்டனர். எண்ணெயை அறவே கைவிட வேண்டியதில்லை. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்து, நன்றாக அலசிவிட்டு, முகத்தை இறுதியில் கழுவினால் போதும். ஆனால் எண்ணெய்த் தலையோடு உறங்குவதை நிறுத்துங்கள். தலையணை உறையில் ஊறும் எண்ணெய் இரவெல்லாம் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பருக்கள் கடுமையாக அரித்தால், அவை பருவாக இல்லாமல் பூஞ்சையால் வரும் மயிர்க்கால் அழற்சியாக இருக்கக்கூடும். அதற்கு மருந்தே வேறு.

கேள்வி: தோழி சொன்னதால் மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். முகம் பளிச்சென்று ஆனது. நிறுத்தியதும் பருக்கள் முன்பைவிட மோசமாகிவிட்டன. மீண்டும் பூசலாமா?

பதில்: பூசவே கூடாது. நீங்கள் வாங்கியது பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த களிம்பாக இருக்கும். தோல் கருமையைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், பருவுக்குத் தரும் ட்ரெட்டினாயின் ஆகிய மருந்துகளுடன் மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஒன்றைச் சேர்த்த கலவைகள், நிறம் கூட்டும் கிரீம் என்ற எண்ணத்தில் கைமாறுகின்றன. முதல் சில வாரங்களில் ஸ்டீராய்டு அழற்சியை அடக்குவதால் முகம் தெளிந்ததுபோல் தெரியும். தொடர்ந்து பூசப் பூசத் தோல் மெலிந்து, மெல்லிய சிவப்பு ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய, புதுப் பருக்களும் சிலருக்கு முகத்தில் முடியும் முளைக்கும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பொங்கி எழுவதால், பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுகிறார்கள். இந்தச் சுழலில்தான் பலர் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்கிறார்கள். இந்தியாவில் பல ஸ்டீராய்டு களிம்புகளை 2018-இல் மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது, ஆயினும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இன்றும் உள்ளன. வீட்டிலுள்ள டியூபின் பின்புறத்தில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதேனும் இருக்கிறதா எனப் பாருங்கள். இருந்தால் அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

கேள்வி: எண்ணெய்ப் பலகாரம், பால், சாக்லேட் எல்லாவற்றையும் விட வேண்டுமா?

பதில்: பஜ்ஜியின் எண்ணெய் நேராக முகத்துக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கைதான். ரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றும் உணவுகளுக்கும் பருவுக்கும் தொடர்பு இருப்பதற்கே சான்று சற்று வலுவாக உள்ளது. ஆஸ்திரேலியாவில் இளைஞர்களிடம் 12 வாரங்கள் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அத்தகைய உணவைக் குறைத்தவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. இனிப்புப் பானங்கள், மைதாப் பண்டங்கள் ஆகியவற்றைக் குறையுங்கள். பால் விஷயத்தில் தொடர்பு மட்டுமே காணப்பட்டுள்ளது, காரணம் நிறுவப்படவில்லை. ஆகவே வளரும் பிள்ளைகளின் பாலை நிறுத்த நான் சொல்வதில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதத் தூள்) குடிக்கத் தொடங்கியபின் பருக்கள் கிளம்பினால், அதைச் சில வாரங்கள் நிறுத்திப் பார்க்கலாம்.

கேள்வி: ஒரு நாளில் ஐந்தாறு முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறேன், எலுமிச்சைச் சாறும் தேய்க்கிறேன். பலன் இல்லையே?

பதில்: இரண்டு முறை போதும், மிகுதியாக வியர்த்தால் இன்னொரு முறை. பரு அழுக்கால் வருவதன்று. எலுமிச்சையின் கடும் அமிலம் தோலைப் புண்ணாக்கும். நம் தோல் நிறத்தில் அந்தப் புண் ஆறியபின் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். பருவின் மேல் பற்பசை பூசுவதற்கும் இதே பதில்.

கேள்வி: பருவுக்கான பென்சாயில் பெராக்சைடு ஜெல் இரண்டு வாரமாகப் பூசுகிறேன். மாற்றமே இல்லை. வேறு மாற்றலாமா?

பதில்: குறைந்தது எட்டு வாரமாவது பொறுங்கள். 2.5 சதவீத வலிமையே பலருக்குப் போதுமானது, கூட்டினால் எரிச்சல்தான் கூடும். துண்டும் தலையணை உறையும் வெளுத்துப்போகும் என்பதால் வெள்ளைத் துணியைப் பயன்படுத்துங்கள். பெண்களுக்குத் தாடையை ஒட்டி ஆழமான பருக்கள் வருவதோடு மாதவிலக்கும் முறை தவறினால், எட்டு வாரம் காத்திராமல் சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.